2⁻³ எப்படி −8 ஆனது? சுங்கை சிப்புட் மாலை வகுப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம். இப்போது கண்ணுக்கு எட்டிய வரை பெரும்பாலும் செம்பனை. டவுனை ஒட்டிய ஒரு தோட்டத்தின் கோயில் மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு வெண்பலகை, இரண்டு காற்றாடி. இங்கே நான் எழுதப்போவது அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேரைப் பற்றி. இருவரும் படிவம் 3, அதாவது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அண்ணன் தம்பி பிள்ளைகள். அவள் மூன்று மாதம் மூத்தவள் என்பதால் அவன் அவளை அக்கா என்றே கூப்பிடுவான். பெயர் வேண்டாம்; மாணவி என்றும் தம்பி என்றும் வைத்துக்கொள்வோம்.

படிவம் 3 கணிதத்தில் முதல் பாடமே அடுக்குதான். பள்ளியில் அதற்கு 'இண்டேக்ஸ்' என்று பெயர். அடுத்த பாடம் 'பெந்துக் பியாவாய்', அதாவது திட்ட வடிவம்: மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களைப் பத்தின் அடுக்கை வைத்து எழுதும் முறை. முதல் பாடத்தில் தடுக்கி விழுந்த பிள்ளை இரண்டாவதில் எழுந்திருப்பது கடினம். அதனால் ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒரு சின்னத் தாள் கொடுத்துப் பார்ப்பேன்.

மாணவி எழுதியிருந்தது இது: 2⁻³ = −8. தம்பி எழுதியிருந்தது: 2⁻³ = 1/8.

அவளுக்குத் தப்பு போட்டேன், அவனுக்குச் சரி போட்டேன். இரண்டு மதிப்பெண்ணுமே நிலைமையைத் தவறாகக் காட்டின என்பது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது.

அவளைப் பற்றி முதலில். வகுப்பு முடிந்து மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போக வந்த அவள் அம்மா, "தமிழ்ப்பள்ளியில கணக்குல முதல் ஆளு சார் இவ. இப்ப என்னமோ கவனமே இல்ல" என்றார். கவனமில்லாத பிள்ளை என்றால் ஓர் இடத்தில் −8, இன்னோர் இடத்தில் −6, வேறோர் இடத்தில் 6 என்று எழுதும். இவள் தாளில் 3⁻² = −9, 5⁻¹ = −5, 10⁻³ = −1000. ஒரு முறைகூடத் தடம் மாறவில்லை. தப்பு இவ்வளவு ஒழுங்காக வந்தால் அதற்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது என்று பொருள். அந்த யோசனையைக் கேட்காமல் சிவப்பு மையால் அடிப்பதில் பயனில்லை.

"எப்படிம்மா −8 வந்துச்சு?" என்று கேட்டேன்.

"2-ஐ மூணு தடவ பெருக்கினா 8 சார். மேல மைனஸ் இருக்குல்ல, அதான் மைனஸ் 8."

சரி, அப்படியானால் ஒரு வரிசை எழுது என்றேன். 2³-இல் தொடங்கி, அடுக்கை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வா. அவள் யோசிக்காமல் எழுதினாள்: 8, 4, 2, 0, −2, −4, −8. முழு வரிசையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி நடுவில் 0 வைத்து இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. அவள் மனதில் இருந்தது படிவம் 1-இல் படித்த எண்கோடு. அங்கே நடுவில் 0. வலப்பக்கம் கூட்டல் எண்கள், இடப்பக்கம் கழித்தல் எண்கள். 'நெகாதிஃப்' என்ற சொல்லை அவள் முதலில் சந்தித்ததே அந்தக் கோட்டில்தான். ஆறாம் ஆண்டு வரை தமிழில் கணக்குப் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளிக்குப் போய் மலாயில் தொடரும் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொருளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். 'நெகாதிஃப்' என்றால் சுழியத்துக்குக் கீழே. 'இண்டேக்ஸ் நெகாதிஃப்' என்றால்? அதுவும் சுழியத்துக்குக் கீழேதான் என்று அவள் முடிவு கட்டியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அடுக்கு என்றால் என்ன என்று நாம் எல்லாரும் முதலில் சொல்லிக்கொடுப்பது, "ஓர் எண்ணை அத்தனை தடவை பெருக்குவது" என்றுதான். 2³ என்றால் மூன்று 2-களைப் பெருக்கு. இந்த விளக்கம் 1, 2, 3 என்று எண்ணும் எண்களுக்குச் செல்லும். 2⁻³-க்கு வந்தால் "கழித்தல் மூன்று தடவை பெருக்கு" என்று ஆகிறது. அப்படி ஒன்றை யாராலும் செய்ய முடியாது. பழைய விளக்கம் இந்த இடத்தோடு முடிந்தது, இனிமேல் புதிதாக ஒன்று வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. பாதை முடிந்த இடத்தில் பலகை எதுவும் இல்லாததால், கையில் இருந்ததை வைத்து அவளே ஒரு பாதை போட்டுக்கொண்டாள்.

கணித வரலாற்றிலும் இந்த இடம் சுலபமாகக் கடந்துபோனதில்லை. அடுக்கை எண்ணின் தலையில் சின்னதாக எழுதும் இன்றைய முறை 1637-இல் பிரெஞ்சுக் கணிதர் டெக்கார்ட் வெளியிட்ட வடிவியல் நூலோடு பரவியது. அவர் அப்படி எழுதியவை 3, 4 போன்ற சாதாரண எண்கள். 1656-இல் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர் எதிர்மறை அடுக்குக்கும் பின்ன அடுக்குக்கும் என்ன பொருள் இருக்கவேண்டும் என்று காட்டினார். 1676-இல் நியூட்டன் ஒரு கடிதத்தில், பின்னமாக எழுதுவதற்குப் பதிலாக அடுக்கில் −1, −2 என்று தாராளமாகப் போட்டு எழுதினார். டெக்கார்ட்டிலிருந்து நியூட்டன் வரை 39 ஆண்டுகள். அதைப் பிள்ளைகள் ஒரே பக்கத்தில் தாண்டவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அவள் எழுதிய வரிசைக்குத் திரும்புவோம். 8, 4, 2 வரைக்கும் சரி. "8-லேர்ந்து 4-க்கு எப்படி வந்தே?" "பாதி சார்." "4-லேர்ந்து 2-க்கு?" "பாதி." "2-லேர்ந்து?" பேனா நின்றது. 0-ஐ அடித்துவிட்டு 1 என்று எழுதினாள். அதற்கப்புறம் நெடுநேரம் எழுதவில்லை. 1-இல் பாதி அரை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அரையை அந்த இடத்தில் எழுதக் கை வரவில்லை. "அது மைனஸ் 1-தானே சார், மேல? எப்படி சார் கீழ மைனஸே இல்லாம இருக்கும்?"

இந்தக் கேள்விதான் இந்த ஆய்வின் நடுப்புள்ளி. வாயால் பதில் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டு தலையாட்டியிருப்பாள். கையில் ஏதாவது கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. மண்டபத்தில் என்ன இருக்கிறது? ஏ4 தாள் கட்டு இருந்தது.

அடுத்த வியாழன் மாணவி வீட்டிலிருந்து ஒரு சின்ன டிஜிட்டல் தராசு கொண்டுவந்தாள். அவள் அம்மா தீபாவளிக்குப் பலகாரம் செய்து விற்பவர். மாவு நிறுக்கும் தராசு அது. தாள் கட்டின் மேலுறையில் 80 கிராம் என்று போட்டிருக்கும். 500 தாள் உள்ள கட்டு எப்படி 80 கிராம் இருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. அந்த ஒரு சதுர மீட்டர் தாளுக்குப் பெயர் ஏ0. அதைப் பாதியாக வெட்டினால் ஏ1. அதில் பாதி ஏ2. அதில் பாதி ஏ3. அதில் பாதிதான் நாம் தினமும் எழுதும் ஏ4. ஆக, பதினாறு ஏ4 சேர்ந்தால் ஒரு ஏ0.

காற்றாடி இரண்டையும் நிறுத்திவிட்டு, மண்டபத் தரையில் நாலுக்கு நாலாகப் பதினாறு தாளை அடுக்கினார்கள். வியர்த்துக் கொட்டியது, யாரும் கவலைப்படவில்லை. அகலம் 84 சென்டிமீட்டர், நீளம் ஏறக்குறைய 119. பெருக்கிப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு மிக அருகில் வருகிறது. அப்புறம் பதினாறையும் எடுத்துத் தராசில் வைத்தோம். 80. தம்பி வாய்விட்டே கத்திவிட்டான்.

இப்போது பலகையில் ஏ0-க்கு நேராக 2⁰ என்று எழுதினேன். ஒரு முழுத் தாள். ஒன்று. இங்கிருந்து இன்னும் யாரும் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. 2⁰ ஏன் 0 ஆகாமல் 1 ஆகிறது என்பதை இதைவிடக் கண்ணெதிரே காட்ட எனக்கு வேறு வழி தெரியாது. இன்னொரு ஏ0-வைச் சேர்த்து ஒட்டினால் 2¹, இரண்டு சதுர மீட்டர். ஒருமுறை பாதியாக வெட்டினால் 2⁻¹. எட்டுத் தாளை எடுத்துவிட்டு மீதியை நிறுத்தோம்: 40. நாலு தாள்: 20. இரண்டு தாள்: 10. ஒரே தாள்: 5. அந்த ஒரு தாளுக்கு நேராக 2⁻⁴ என்று மாணவியே போய் எழுதினாள். பக்கத்தில் 1/16 என்றும் எழுதினாள்.

கையில் இருந்த ஏ4 தாளை மேலும் கிழிக்கச் சொன்னேன். ஏ5-க்குத் தராசு 2-க்கும் 3-க்கும் இடையில் ஆடியது. ஏ6-க்கு 1. ஏ8 அளவுக்கு வந்தபோது, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய துண்டு, தராசு 0 காட்டியது. மாணவி அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"தராசு சுழியம்னு சொல்லுது. ஆனா தாள் இருக்கே சார்."

"எவ்வளவு இருக்கு?"

"2⁻⁸." கணக்குப் போட்டாள். "256-ல ஒண்ணு. எத்தனை தடவ கிழிச்சாலும் ஏதோ கொஞ்சம் இருக்கும் போலிருக்கு."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. மேலே இருக்கும் மைனஸ் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதைச் சொல்கிறது: ஒட்டுவதா, வெட்டுவதா. எத்தனை தடவை வெட்டினாலும் தாள் கடனாக மாறாது. அவள் தன் பழைய தாளை எடுத்து, நான் கேட்காமலே, −9-ஐயும் −5-ஐயும் −1000-ஐயும் திருத்தினாள்.

இனி தம்பி. அவன் 2⁻³ = 1/8 என்று எழுதியவன். எல்லாம் தெரிந்த பிள்ளை என்று விட்டிருந்தேன். இரண்டாவது வாரம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். க என்பது ஓர் எண் என்று வைத்துக்கொண்டு 5க⁻²-ஐ எதிர்மறை அடுக்கு இல்லாமல் எழுதச் சொன்னேன். 1/(5க²) என்று எழுதினான். அடுத்து 2⁻¹ + 3⁻¹. அதற்கு 1/5 என்று எழுதினான்.

கேட்டால் பதில் தயாராக இருந்தது. "மைனஸ் வந்தா கீழ தள்ளணும் சார்." யாரோ ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்த சூத்திரம். எதைத் தள்ளவேண்டும், ஏன் தள்ளவேண்டும் என்பது அதில் இல்லை. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் தள்ளிவிட்டான். 5-க்கும் அந்த அடுக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடுக்கு க-வின் தலையில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து துண்டு, ஒவ்வொன்றும் 1/க² அளவு. ஆகவே 5/க².

2⁻¹ + 3⁻¹ விஷயத்தில் அவனுக்கு நான் விடை சொல்லவில்லை. 2⁻¹ எவ்வளவு என்று கேட்டேன். அரை. அதோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் அரையைவிடக் கூடுமா, குறையுமா? கூடும். நீ எழுதிய ஐந்தில் ஒன்று அரையைவிடப் பெரிதா? அவன் முகம் மாறிவிட்டது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் 5/6. தமிழ்ப்பள்ளியில் பின்னக் கூட்டல் நன்றாகத் தெரிந்த பிள்ளை. ஆனால் அடுக்கு வடிவில் பார்த்ததும் அது பின்னம் என்பதே மறந்துபோய்விட்டது.

என் கருத்தில் இந்த இருவரில் ஆபத்தில் இருந்தவன் தம்பிதான். மாணவியின் தப்பு பளிச்சென்று தெரிந்தது, அதனால் யாராவது ஒருவர் எப்படியும் பிடித்திருப்பார்கள். இவன் சரியான விடையோடு பாடத்தைத் தாண்டிப் போயிருப்பான். படிவம் 4, 5-இல் இயற்கணிதம் நீளும்போது விழுந்திருப்பான். அப்போது எங்கே விழுந்தோம் என்று தேட நேரம் இருக்காது. அதனால் இப்போதெல்லாம் முதல் தாளிலேயே 5க⁻²-ஐயும் 2⁻¹ + 3⁻¹-ஐயும் சேர்த்துவிடுகிறேன்.

அவனுக்குத் தாள் வேலை செய்யவில்லை. ரசித்தான், அவ்வளவுதான். அவனை அசைத்தது பெருக்கல் விதி. 2³ × 2² = 2⁵, அடுக்குகளைக் கூட்டுகிறோம்; இது அவனுக்கு அத்துபடி. "2³ × 2⁻³?" "2⁰, ஒண்ணு சார்." "8-ஐ எதால பெருக்கினா 1 வரும்?" கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதனாலதான் 1/8-ஆ?" ஆமாம், அதனால்தான். அடுக்குகளைக் கூட்டும் இந்த விதி எங்கேயும் உடையாமல் இருக்கவேண்டும் என்று கணிதர்கள் விரும்பினார்கள். அப்படி விரும்பினால் 2⁻³-க்கு 1/8-ஐத் தவிர வேறு பொருள் கொடுக்க வழியே இல்லை. −8-ஐ வைத்துப் பார்த்தால் 8 × −8 = −64; விதி அங்கேயே உடைந்துபோகிறது. 'கீழே தள்ளு' என்பது இந்த யோசனையின் கடைசி வரி. அவனுக்கு அந்தக் கடைசி வரியை மட்டும் கொடுத்திருந்தார்கள்.

அப்புறம் அவனே கேட்டான்: "0⁻¹ என்ன சார்?" 0-ஐ எதால் பெருக்கினால் 1 வரும் என்று திருப்பிக் கேட்டேன். "எதாலயும் வராது." அவ்வளவுதான், அதற்குப் பொருள் கிடையாது. அடிமானம், அதாவது அடுக்கைத் தலையில் தாங்கும் எண், சுழியமாக இருக்கக்கூடாது என்று பாடப்புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்பு இதுதான் என்று அவனே கண்டுபிடித்துக் கோடு போட்டுக்கொண்டான்.

நான்காவது வாரத்தில் ஒரு சறுக்கல். மாணவிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து (−2)⁻³ கொடுத்தேன். விடை −1/8. அவள் குழம்பிவிட்டாள். மைனஸ் கீழே வராது என்று இப்போதுதானே சார் சொன்னீர்கள் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு வெவ்வேறு மைனஸ்கள் ஒரே இடத்தில் நிற்கின்றன. அடிமானத்தின் மைனஸ் எண்ணோடு பிறந்தது, அடுக்கின் மைனஸ் திசையைச் சொல்வது. (−2)⁻²-க்கு 1/4, −2⁻²-க்கு −1/4, அடைப்புக்குறி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று. இதை நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கவேண்டும். முதல் புரிதல் காய்வதற்குள் அதன் மேல் நடக்கவிட்டுவிட்டேன். ஐந்தாம் வாரத் தேர்வில் பத்துக் கேள்வியில் ஒன்பது சரி எழுதியவள், −2⁻²-ஐ மட்டும் 1/4 என்று எழுதினாள். தம்பிக்கும் ஒன்பது. 2⁻¹ + 3⁻¹ மாதிரி ஒன்றில் இந்த முறை பொதுப்பகுதி எடுப்பதில் தவறிவிட்டான். அந்தத் தவறு எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது, ஏனென்றால் அதைப் பின்னமாகப் பார்த்திருக்கிறான்.

திட்ட வடிவத்துக்குப் போனபோது மறுபடியும் அதே தாள் கட்டு உதவியது. ஒரு தாளின் தடிமன் எவ்வளவு? அளவுகோலால் ஒரு தாளை அளக்க முடியாது, கட்டை அளக்கலாம். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர், அதாவது 5 × 10⁻² மீட்டர். தாள் 500, அதாவது 5 × 10². வகுத்தால் அடுக்கு −2-இலிருந்து 2-ஐக் கழிக்கவேண்டும்: −4. ஒரு தாள் 10⁻⁴ மீட்டர், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. புகைமூட்டக் காலத்தில் செய்தியில் வரும் பிஎம் 2.5 நுண்துகளைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும், அதாவது 2.5 × 10⁻⁶ மீட்டருக்குள். அந்த அளவில் நாற்பது துகளை அடுக்கினால்தான் இந்தத் தாளின் தடிமன் வரும்.

போன வியாழன் எல்லாரும் கிளம்பிய பிறகு மாணவி பலகைப் பக்கம் நின்றாள். "சார், மேல அரை போட்டா என்ன சார் வரும்? 2-க்கு மேல அரை."

"இரண்டு அரைப் படி ஏறினா?"

"ஒரு படி. 2¹. அப்ப எந்த எண்ணை அதே எண்ணால பெருக்கினா 2 வருமோ, அதுவா சார்?"

ஒரு ஏ4 தாளையும் அளவுகோலையும் கொடுத்தேன். 297 மில்லிமீட்டர் நீளம், 210 அகலம். வகுக்கச் சொன்னேன். கால்குலேட்டரில் 1.414 என்று வந்தது. அதே கால்குலேட்டரில் 2-இன் வர்க்கமூலத்தை அழுத்தினாள். மறுபடியும் 1.414. தாளைப் பாதியாக மடித்து, மடித்த துண்டையும் அளந்தாள்: 210-க்கு 148. வகுத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட அதேதான்.

வெளியே அவள் அம்மா ஹாரன் அடித்தார். மடித்த தாளைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, "அப்ப பரப்பளவு ஒரு படி இறங்கும்போது நீளம் அரைப் படிதான் இறங்குதா சார்?" என்று செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்.